அம்மாசிக்கு இருபத்தைந்து மார்க்கு

எங்கள் மொச்சையூர்க்காரர்களின் புத்திக்கூர்மையைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆதாரம் தேடி ஊர் முழுக்க அலைந்தேன். அகப்பட்டது இந்த ஒரு கதைதான். வேறு ஊர்ப் பெயரைப் போட்டு எழுதிவிடலாமா என்றும் பார்த்தேன். படிக்கிறவர்கள் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஊர் வேலைகளைக் கவனிக்க ஒரு கமிட்டி இருந்தது. அதில் நாலு பேர். தலைவர் மணியக்காரர் குப்பாண்டி. அடுத்தவன் சீரங்கன். இரண்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். இரண்டு மூன்று ஆறு என்பதால் ஆறாம் வகுப்பு படித்தவன் என்று ஊரில் பெயர். கணக்கெல்லாம் அவன் பொறுப்பு. மூன்றாவது பூச்சப்பன். யார் எதைச் சொன்னாலும் "அதானே" என்பான், அதற்கு எதிராக இன்னொருவர் சொன்னாலும் "அதானே" என்பான். நாலாவது ஆள் நம் அம்மாசி.

அம்மாசி நல்லவன். நியாயஸ்தன். பிறர் பங்கில் ஒரு மொச்சைக்கொட்டை கூடுதலாகத் தன் தட்டில் விழுந்துவிட்டால் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், மனசில் கவலை வந்துவிட்டால் வறுத்த புளியங்கொட்டையைக் கடக் முடக்கென்று மெல்லுவது. அந்த வருஷம் அவனுக்குக் கவலை நிறையவே இருந்தது. ஊர்க் குளத்துக்கரையில் பெருச்சாளி தோண்டிய வளை ஒன்று பெரிதாகிப் பெரிதாகி, ஆள் தலை நுழையும் ஓட்டையாகியிருந்தது. அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருந்தது அம்மாசியின் வீடு.

"ஐப்பசி மழைக்குள்ள அந்த ஓட்டைய அடைக்கலீன்னா, நான் என்ற அம்மா ஊட்டுக்குப் போறேன். நீங்க மீனுகூடக் குடித்தனம் பண்ணுங்க" என்று அவன் மனைவி காத்தாயி கணக்காகச் சொல்லிவிட்டாள். அம்மாசிக்கு வீடும் வேண்டும், காத்தாயியும் வேண்டும். கமிட்டியில் போய்ச் சொன்னான்.

கமிட்டியில் ஏற்கெனவே மூன்று வேலைகள் காத்துக்கொண்டிருந்தன. சந்தைக்குப் போகும் வழியில் முள் வெட்ட வேண்டும். கோயில் மணிக்கு நாக்கு இல்லை, நாக்குப் போட வேண்டும். ஊர் எல்லையில் 'மொச்சையூர் உங்களை வரவேற்கிறது' என்று ஒரு வளைவு வைக்க வேண்டும். இது மணியக்காரரின் சொந்த யோசனை. இதோடு குளத்துக்கரையும் சேர்ந்து வேலைகள் நாலு, ஆட்களும் நாலு. ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. குறை சொல்வதற்கில்லை, எனக்கே இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

எதை முதலில் செய்வது என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மணியக்காரரின் மருமகன் ஆறுச்சாமி மாமனார் வீட்டுக்கு வந்தான். டவுன் மில்லில் மேஸ்திரி. காலில் பூட்ஸ், கையில் கடிகாரம். சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டவன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டே வழி சொன்னான்.

"எதுக்கு மாமா சத்தம் போடறீங்க? எங்க மில்லுல ஒரு முறை இருக்குது. ஒவ்வொரு வேலைக்கும், அதனால எவ்வளவு நன்மைன்னு பத்துக்குள்ள மார்க்குப் போடுங்க. செய்ய எவ்வளவு சிரமம்னு பாத்து, அந்த மார்க்கை அதுல இருந்து எடுத்துருங்க. எதுல மிச்சம் அதிகமா இருக்குதோ அதை முதல்ல செய்யுங்க. அவ்வளவுதான். சிரமத்தை மட்டும் குத்துமதிப்பாப் போட்டுறாதீங்க. நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க."

பஸ் வந்தது. ஆறுச்சாமி போய்விட்டான். முறை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அன்றைக்கே சாவடியில் நாலு பானைகளை வரிசையாக வைத்தார்கள். வேலைக்கு ஒரு பானை. மார்க்குக்குப் புளியங்கொட்டை. மணியக்காரர் வீட்டில் அப்போது வறுத்த கொட்டைதான் இருந்தது, அதையே கொண்டுவந்தார்கள். குளத்துக்கரைப் பானையில் நன்மைக்குப் பத்துக் கொட்டை போட்டார்கள். முள் வழிக்கு ஆறு, மணிக்கு ஐந்து, வளைவுக்கு நாலு. இவ்வளவும் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில், சண்டையில்லாமல் முடிந்தது. அம்மாசிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பத்துக் கொட்டை அவன் பானையில்தானே இருக்கிறது!

"இனி சிரமத்துக்கு எடுக்கோணும்" என்றான் சீரங்கன். "முள்ளு வெட்ட ஒரு அஞ்சு எடுக்கலாமுங்களா?"

"அஞ்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மணியக்காரர்.

"குத்துமதிப்பாத்தானுங்க."

"என்ற மாப்ள என்ன சொல்லிட்டுப் போனாரு? குத்துமதிப்பு கூடாது, தெரிஞ்சுக்கிட்டுப் போடணும்னாரா இல்லியா?"

"அதானே" என்றான் பூச்சப்பன்.

எல்லோரும் யோசித்தார்கள். ஒரு வேலையின் சிரமத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் நாலு பேரும் அரிவாளோடு போய் முள் வெட்டினார்கள். மூன்று நாள் பிடித்தது. வழி கண்ணாடியாகச் சுத்தமாயிற்று. சந்தைக்குப் போகிறவர்கள் வாழ்த்திக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் சீரங்கனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏனுங்க மணியம், எதை முதல்ல செய்யறதுன்னு இன்னும் முடிவே ஆகலியே. அதுக்குள்ள இதைச் செஞ்சு முடிச்சுட்டமே, இது முறையாகுமுங்களா?"

மணியக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளையாக வெட்டிய முள் ஓரத்திலேயே கிடந்தது. மூன்று நாள் பாடுபட்டு அத்தனையையும் பழைய இடத்தில் நட்டு, தண்ணீரும் ஊற்றினார்கள். வெட்ட மூன்று, நட மூன்று, ஆக ஆறு நாள். நாளுக்கு ஒன்றாக ஆறு கொட்டையை எடுத்து அம்மாசியின் முன்னால் குவித்து வைத்தான் சீரங்கன். அம்மாசி நியாயஸ்தன் ஆயிற்றே, அவன் பார்வையில் இருந்தால் ஒன்றும் குறையாது என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

அடுத்தது கோயில் மணி. ஆசாரியிடம் நாக்கு வாங்கி ஒரு நாளில் மாட்டினார்கள். மணி கணீரென்று அடித்தது. பூசாரி அழுதேவிட்டார். மறுநாள் கழற்றிக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்தபோது, பூசாரி வேறு மாதிரி அழுதார். "முறை வந்ததும் மாட்டித் தர்றோமுங்க சாமி" என்று மணியக்காரர் ஆறுதல் சொன்னார். ஆக இரண்டு நாள். இரண்டு கொட்டை.

வளைவுக்குப் பனைமரம் அறுத்து, தூண் நட்டு, பலகையில் எழுத்து எழுத ஐந்து நாள். பிரித்து அடுக்க நாலு நாள். ஆக ஒன்பது. புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியது. அம்மாசி கவலையில் புளியங்கொட்டை மென்றான்.

கடைசியில் குளத்துக்கரை வந்தது. கல்லடுக்கி, களிமண் பிசைந்து, மிதித்து மிதித்து நாலு நாளில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அம்மாசி அந்த நாலு நாளும் வேலை செய்தது மாதிரி அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அடைத்த இடத்தில் யானை நின்றாலும் தாங்கும். காத்தாயி அன்றைக்குக் கச்சாயம் சுட்டாள். அம்மாசி பத்துக் கச்சாயம் தின்றுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் எழுந்து கடப்பாரையைத் தோளில் வைத்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் காத்தாயி.

"கரையத் தோண்டணுமில்ல?"

"அடைச்சது அடைச்சதாவே இருக்கட்டும். உங்களுக்கென்ன கிறுக்கா?"

"அதெப்படி காத்தாயி? முள்ளைத் திருப்பி நட்டாங்க. மணி நாக்கைக் கழட்டுனாங்க. மணியக்காரரு அவரு வளைவையே பிரிச்சுட்டாரு. என்ற ஊட்டு ஓட்டைய மட்டும் அடைச்சாப்புல விட்டா, ஊரு என்ன பேசும்?"

காத்தாயி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நம் அம்மாசிதான் முதல் கடப்பாரை போட்டான்.

தோண்டும்போது இன்னொரு சிக்கல். பழைய ஓட்டை எவ்வளவு பெரிது என்று யாருக்கும் நினைவில்லை. குறைத்துத் தோண்டினால் அம்மாசிக்குச் சலுகை காட்டியதாகிவிடும்.

"ஆள் நுழையற அளவுன்னுதான் ஞாபகம்" என்றான் சீரங்கன்.

"ஆளுன்னா யாரு அளவு?" என்று கேட்டார் மணியக்காரர்.

"என்ற அளவையே வெச்சுக்குங்க. ஓட்டை என்ற ஊட்டு ஓட்டை" என்றான் அம்மாசி. அவன் காலை உள்ளே விட்டுப் படுத்து அளவு காட்ட, அவர்கள் சுற்றிலும் செதுக்கினார்கள். கால், இடுப்பு, வயிறு எல்லாம் உள்ளே போய், நெஞ்சோடு சிக்கென்று பொருந்தி நின்றதும் மணியக்காரர் போதும் என்றார். இந்தச் செதுக்கலுக்கு நாலு நாள். ஆக எட்டுக் கொட்டை.

அன்று மத்தியானம் சாவடியில் கூடி மிச்சத்தை எண்ணினார்கள். குளத்துக்கரைப் பானையில் இரண்டு. மணிப் பானையில் மூன்று. முள் வழிப் பானையில் ஒன்றுமில்லை. வளைவுக்கு வந்தபோதுதான் சீரங்கன் திக்குமுக்காடினான்.

"மணியம், இதுல இருக்கறது நாலு. எடுக்க வேண்டியது ஒம்போது. நாலை எடுத்துட்டேன். இல்லாத அஞ்சை எங்கிருந்து எடுக்கறது?"

மணியக்காரர் பானைக்குள் கை விட்டுத் துழாவிப் பார்த்தார். வெளியே மழை பெரிதாகத் தொடங்கிவிட்டது.

"இல்லாத இடத்துல எடுக்க முடியாது" என்றார் மணியக்காரர் கடைசியில். "இருக்கற இடத்துலதான் எடுக்கணும்."

"அதானே!" என்றான் பூச்சப்பன்.

மணிப் பானையின் மூன்றையும் குளத்துக்கரைப் பானையின் இரண்டையும் எடுத்து அம்மாசியின் பக்கம் தள்ளினார்கள். கணக்குச் சரியாக வந்தது. நாலு பானையும் காலி.

சீரங்கன் ஒவ்வொரு பானையாகக் கவிழ்த்துப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "மணியம், ஒரு வேலையிலும் ஒண்ணுமே மிச்சமில்லைங்க. எல்லா வேலையும் முடிஞ்சு போச்சு!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதம் சண்டை போட்டும் தீராத நாலு வேலைகள், இருபத்தைந்து நாளில் பைசல். மில்காரன் மில்காரன்தான் என்று மருமகனைப் புகழ்ந்தார் மணியக்காரர். அம்மாசியும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அவன் காதில் மட்டும் எங்கேயோ தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது முக்காடு போட்டுக்கொண்டு காத்தாயி ஓடிவந்தாள். "குளம் நெறஞ்சு ஓட்டை வழியாத் தண்ணி வருது! வாசப்படி வரைக்கும் வந்துருச்சு! எந்திரிச்சு வாங்க!"

"அது எப்படி வரும்?" என்றான் சீரங்கன். "அந்த வேலைதான் முடிஞ்சு போச்சே. வேணும்னா நீயே கொட்டைய எண்ணிப் பாரு." அம்மாசியின் முன்னால் இருந்த குவியலைக் காட்டக் கை நீட்டினான்.

அங்கே குவியல் இல்லை. கொஞ்சம் தோல் மட்டும் கிடந்தது. எல்லோரும் அம்மாசியின் வாயைப் பார்த்தார்கள். வாய் அசைவது நின்றது.

"கவலையில என்ன செய்யறேன்னு தெரியலைங்க" என்றான் அம்மாசி. அவனுக்கு அவமானத்தில் கண்ணீர் வந்துவிட்டது. நம்பி ஒப்படைத்த ஊர் மார்க்கு!

சீரங்கன் விரல் விட்டு எண்ணினான். ஆறும் இரண்டும் எட்டு. எட்டும் ஒன்பதும் பதினேழு. பதினேழும் எட்டும் இருபத்தைந்து. எண்ணி முடித்ததும் மணியக்காரர் பக்கம் திரும்பினான்.

"மணியம்... நாலு பானையிலயும் ஒண்ணுமில்ல. அம்மாசிகிட்ட இருபத்தஞ்சு இருக்குது. எதுல அதிகமோ அதை முதல்ல செய்யணும்னு மாப்ள சொன்னாரில்லீங்க?"

"அப்படீன்னா?"

"முதல்ல அம்மாசியச் செய்யணுமுங்க."

"அம்மாசிய எப்படிடா செய்யறது?"

"அவன் வயித்துல இருக்கறது நாலு வேலையோட மார்க்கு. அப்ப நாலு வேலையையும் அவனை வெச்சுத்தான் செய்யணும்."

"அதானே!"

அம்மாசி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தின்றது அவன், செரிக்க வேண்டியதும் அவன்தானே! கொட்டும் மழையில் நாலு பேரும் கரைக்கு ஓடினார்கள். ஓட்டையில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அம்மாசியைக் கால்மாடாக உள்ளே செலுத்தி, அவன் தலையில் மணியக்காரர் ஒரு மிதி மிதித்தார். அளவெடுத்துச் செதுக்கிய ஓட்டை அல்லவா? நெஞ்சோடு சிக்கென்று பொருந்தியது. தண்ணீர் நின்றது. அம்மாசியின் வீடு பிழைத்தது.

மீதி மூன்று வேலைகளும் அப்புறம் சுலபமாக நடந்தன. கரைக்குக் கீழேதான் ஊருக்குள் வரும் வண்டிப்பாதை. ஆகவே வரவேற்புப் பலகையை அம்மாசியின் கழுத்தில் மாட்டினார்கள். வெளியே இருந்த அவன் கையில் நாக்கில்லாத கோயில் மணியையும் ஒரு கல்லையும் கொடுத்து, பூசை வேளைக்குத் தட்டச் சொன்னார்கள். ஓட்டையிலிருக்கும் ஆளைப் பார்க்க எல்லோரும் குளத்து வழியாகவே சந்தைக்குப் போக ஆரம்பித்ததால், முள் வழியில் போக ஆளே இல்லாமற்போனது. முள்ளுக்குக் கமிட்டி தொடர்ந்து தண்ணீர் ஊற்றிவந்தது.

எட்டாம் நாள் ஆறுச்சாமி பஸ்ஸிலிருந்து இறங்கினான். மாமனார் ஊர் வரவேற்பைக் கண்டு, பூட்ஸோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"அட பாவிகளா! முதல்ல அவரை வெளிய எடுங்க!"

"முதல்லன்னு எப்படிச் சொல்றீங்க மாப்ள?" என்றார் மணியக்காரர் பணிவாக. "மார்க்குப் போட்டுப் பாக்கணுமில்ல?" பானை வந்தது. அம்மாசியை வெளியே எடுப்பதால் யாருக்கு நன்மை? காத்தாயிக்குத்தான். அவளையே மார்க்குப் போடச் சொன்னார்கள்.

காத்தாயி வீட்டைப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. புருஷனைப் பார்த்தாள். எட்டு நாளாக ஒரே இடத்தில் இருந்தான், சொன்ன சொல்லைக் கேட்டான், கரைத்துக் கொடுத்த கூழை மறுபேச்சில்லாமல் குடித்தான்.

"ஒண்ணு போடுங்க" என்றாள்.

சிரமம் தெரிய வேண்டுமே. நாலு முறை இழுத்து வெளியே எடுத்தார்கள். தண்ணீர் பீறிட்டது. முறை வராமல் எடுத்துவிட்டோமே என்று திருப்பி வைத்தார்கள். நாலு இழுப்பு, நாலு கொட்டை. பானையில் இருப்பது ஒன்று. இல்லாத மூன்றை எடுக்க இருக்கிற இடம் ஒன்றுமில்லை.

"இந்தாங்க" என்று அம்மாசி கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த மூன்று கொட்டையைத் துப்பிக் கொடுத்தான். "என்னால கணக்குக் கெட வேண்டாம்."

அதைப் பார்த்ததும் காத்தாயிக்கு மனசு தாங்கவில்லை. இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒன்று போட்டோமே என்று கண் கலங்கினாள். கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள், ஆறுச்சாமியைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். எங்கள் ஊரில் அந்த முறையைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அன்றும் இன்றும் அவள் ஒருத்திதான். நாலு கொட்டையையும் முந்தானையில் துடைத்து ஆறுச்சாமியின் கையில் வைத்தாள்.

"பஸ்ஸுல வந்த களைப்பு, முகமே வாடிப்போச்சு. வறுத்ததுதான், சாப்புடுங்க தம்பி."

ஆறுச்சாமி இருந்த திகைப்பில் எதை வாயில் போடுகிறோம் என்று பார்க்கவில்லை. கடக் முடக் என்றது. மணியக்காரர் பானையை எட்டிப் பார்த்தார். காலி. மருமகன் வாயைப் பார்த்தார். கமிட்டி எழுந்து நின்றது.

"மணியம்" என்றான் சீரங்கன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மாப்ளகிட்ட நாலு இருக்குதுங்க."

மருமகன் அம்மாசியைவிடக் கொஞ்சம் பருமன். அதனால் ஓட்டை முன்னைவிடக் கெட்டியாக அடைபட்டது. பூட்ஸ் உள்ளே போய்விட்டாலும், கடிகாரம் கட்டிய கை வெளியே இருந்ததால் பூசை மணி தவறாமல் வேளைக்கு அடித்தது. அம்மாசி வீட்டுக்குப் போய்க் கச்சாயம் தின்றான்.

மறுவாரம் மணியக்காரரின் மகள், புருஷனைத் தேடிக்கொண்டு டவுனிலிருந்து வந்தாள். கமிட்டி அவளைச் சாவடியில் மரியாதையாக உட்காரவைத்து, ஒரு பானையையும் கைநிறையப் புளியங்கொட்டையையும் முன்னால் வைத்து, உன் புருஷனை வெளியே எடுப்பதில் உனக்கு எவ்வளவு நன்மை, பத்துக்குள் சொல்லம்மா என்று கேட்டது.

அவள் இரண்டு நாள் தவணை கேட்டாள்.